சிட்ரேட் டெஸ்டுக்கு 24 மணி நேர சிறுநீரைச் சேகரிப்பது எப்படி?

கிட்னியில் கல் திரும்பத் திரும்ப வருகிறதா? சிட்ரேட் அளவைப் பார்க்கச் சொல்லி டாக்டர் எழுதியிருப்பார். உடனே வெறும் வயிற்றோடு ரத்தம் கொடுக்க ஓட வேண்டாம். ரத்தத்திலும் சிட்ரேட்டை அளக்கலாம்தான், ஆனால் கல் விஷயத்தில் அதனால் பெரிய பயன் இல்லை. சிறுநீரில் உள்ள சிட்ரேட்தான் கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு, அது சிறுநீரில் உள்ள ஆக்சலேட் என்ற இன்னொரு பொருளுடன் சேர்ந்து கல்லாகாமல் தடுக்கிறது. (ரத்தம் எடுக்கும் இளநீல மூடிக் குழாயில் இருப்பதும் சோடியம் சிட்ரேட்தான். அங்கேயும் கால்சியத்தைப் பிடித்து ரத்தம் உறையாமல் பார்த்துக்கொள்கிறது.)

1. லேபில் பெரிய கேன் ஒன்று தருவார்கள். அடியில் கொஞ்சம் திரவம் கிடந்தால் அழுக்கென்று கழுவிவிடாதீர்கள். சாம்பிள் கெடாமல் இருக்க ஊற்றிய அமிலமாக இருக்கலாம். நேராகக் கேனுக்குள் போகாமல், ஒரு மக்கில் பிடித்து மெதுவாக ஊற்றுங்கள். குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

2. காலை 6 மணிக்கு எழுந்ததும் போகும் சிறுநீர் வேண்டாம், அது முந்தைய இரவின் கணக்கு. அதை வெளியே விட்டுவிட்டு நேரத்தைக் கேன் மேல் எழுதுங்கள்.

3. அதற்கப்புறம் ஒரு சொட்டு விடாமல் எல்லாம் கேனுக்குள். மலம் கழிக்கும்போது வருவதைத்தான் பெரும்பாலும் விட்டுவிடுகிறோம். மறுநாள் காலை அதே 6 மணிக்குப் போவதும் சேர வேண்டும். நடுவில் ஒரு தடவை தவறினாலும் வேறொரு நாள் புதிதாகத் தொடங்குவதே நல்லது.

4. சாப்பாடு வழக்கம்போல. டெஸ்டுக்காக அன்று மட்டும் எலுமிச்சை ஜூஸாகக் குடித்தால் ரிப்போர்ட் அழகாக வரும், அவ்வளவுதான். யூரின் இன்ஃபெக்‌ஷன் இருந்தால் முதலில் அதைக் குணப்படுத்துங்கள், பாக்டீரியா சிட்ரேட்டைத் தின்றுவிடும். ஒற்றைத் தலைவலிக்கு டோபிரமேட் மாத்திரை எடுப்பவர்கள் டாக்டரிடம் சொல்லுங்கள், அதுவும் சிட்ரேட்டைக் குறைக்கும். நீங்களாக நிறுத்த வேண்டாம்.

ரிப்போர்ட்டில் ஒரு நாளைக்கு 320 மில்லிகிராமுக்குக் கீழே என்றால் பொதுவாகக் குறைவு. ஆனால் அந்த எண்ணுக்கு முன்னால் அதே ரிப்போர்ட்டில் கிரியேட்டினினைப் பாருங்கள். இது தசையிலிருந்து தினமும் ஏறக்குறைய ஒரே அளவில் சிறுநீரில் வெளியேறும் கழிவு. ஆண்களுக்கு எடையில் கிலோவுக்கு ஏறக்குறைய 20 முதல் 25 மில்லிகிராம், பெண்களுக்கு 15 முதல் 20. வயதானவர்களுக்கு இன்னும் குறையும். அதைவிட ரொம்பக் கம்மி என்றால் கேனுக்கு முழுச் சிறுநீரும் வரவில்லை என்று சந்தேகிக்கலாம். சிட்ரேட் குறைவுக்கு மாத்திரை தொடங்கும் முன் மறுபடி சேகரிக்கட்டுமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.