வெள்ளக் காலத்துக்கு ஃபோர் வீல் வண்டியும் மாற்றுவழியும்: நெல்லைச் சீமையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் கொட்டிய மழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் பதிவானது. தாமிரபரணியின் இரு கரைகளிலும் ஊர்கள் தீவுகளாயின. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் சுமார் 800 பயணிகளோடு ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோனது. அதற்குப் பிறகு, அடுத்த வெள்ளத்துக்கென்று ஒரு ஃபோர் வீல் டிரைவ் வண்டியை ஆயத்தமாக வைத்துக்கொள்ள வேண்டும் என்று நினைப்பவர்கள் உண்டு. நல்ல எண்ணந்தான். ஆனால் அந்த வண்டி எதற்கு உதவும், எதற்கு உதவாது என்பதைத் தெளிவாக்கிக்கொள்ளாமல் செய்யப்படும் ஆயத்தம் ஆபத்தை அதிகப்படுத்தவே செய்யும்.

முதல் தவறு, ஓடுகிற தண்ணீரைக் கடப்பதற்காக இந்த வண்டி செய்யப்பட்டிருக்கிறது என்று நம்புவது. நான்கு சக்கரங்களுக்கும் இழுவிசை போவதால் சேற்றிலும் மணலிலும் ஏற்றத்திலும் வண்டி நகரும்; ஆனால் சக்கரம் தரையை அழுத்திக்கொண்டிருக்கும் வரைதான் அந்த விசைக்குப் பயன் உண்டு. முழங்காலுக்குச் சற்றுக் கீழே, ஓர் அடி உயரத்தில் வேகமாக ஓடும் நீர் சிறிய காரை நகர்த்திவிடும்; இரண்டடி ஓட்டம் பெரும்பாலான வண்டிகளை, ஃபோர் வீல் வண்டிகள் உட்பட, தூக்கிக்கொண்டு போய்விடும். மகிந்திரா தார் 650 மில்லிமீட்டர் ஆழம் வரை இறங்கும் என்று நிறுவனம் சொல்கிறது என்றால், அது அடித்தளம் உறுதியாக இருக்கும் இடத்தில் மெதுவாக ஓட்டும்போது பொருந்தும் கணக்கே தவிர, குளம் நிரம்பி வழியும் மறுகால் நீர் பாயும் தரைப்பாலத்துக்கான உத்தரவாதம் அன்று. புகைக்குழாய் போல மேலே நீட்டிய ஸ்நார்க்கல் ஒன்றைப் பொருத்திவிட்டு வண்டி படகாகிவிட்டது என்று எண்ணுவதும் இதே வகைதான். அது இன்ஜின் காற்றிழுக்கும் வாயை உயர்த்துகிறது, வண்டி மிதப்பதை அது தடுக்காது. தண்ணீருக்குள் இன்ஜின் நின்றுவிட்டால் மறுபடியும் சாவியைத் திருப்பக் கூடாது. சிலிண்டருக்குள் நீர் புகுந்திருந்தால் அந்த ஒரு திருப்பத்தில், பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடக்கூடும்.

தன் வண்டி எது என்றே தெரியாமல் இருப்பதும் உண்டு. ஊரில் ஓடும் பொலிரோக்களில் பெரும்பாலானவை பின்சக்கர இழுவை மட்டுமே கொண்டவை. உயரமாக இருப்பதால் அவற்றையும் ஃபோர் வீல் என்று சொல்லிவிடுகிறார்கள். உண்மையான ஃபோர் வீல் வண்டி வைத்திருப்பவர்களோ நான்கு சக்கர இழுவையைப் போடும் லிவரை வருடக்கணக்கில் தொடுவதே இல்லை. தேவைப்படும் இரவில் அது விழாது. மாதம் ஒரு முறையாவது மண்பாதையில் ‘ஃபோர் ஹை’ (சாதாரண வேகத்துக்கான நான்கு சக்கர இழுவை), ‘ஃபோர் லோ’ (மெதுவாக, கூடுதல் விசையோடு நகர்வதற்கானது) இரண்டையும் போட்டுச் சிறிது தூரம் ஓட்ட வேண்டும். இந்த வகை வண்டிகள் பலவற்றில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையில், இரண்டும் வெவ்வேறு வேகத்தில் சுழல இடம்தரும் டிஃபரன்ஷியல் கிடையாது என்பதால், உலர்ந்த தார்ச்சாலையில் ஃபோர் வீலில் ஓட்டினால் கியர் அமைப்பு முறுக்கேறிப் பழுதாகும். நான்கு டயர்களும் ஒரே அளவாகவும் ஏறக்குறைய ஒரே தேய்மானமாகவும் இருக்க வேண்டும் என்பதற்கும் காரணம் அதுவே.

வண்டியைவிட வழியில்தான் பெரிய தவறுகள் நிகழ்கின்றன என்பது என் மதிப்பீடு. இந்தச் சீமையில் கிராமத்துச் சாலைகள் தண்ணீர் போகும் வழியை ஒட்டியே அமைந்தவை: கால்வாய்க் கரையிலும், குளத்தின் கரையிலும், ஓடைக்குக் குறுக்கே போட்ட தரைப்பாலத்தின் மேலும் அவை போகின்றன. பிரதான சாலை மூழ்கினால் உள்சாலையில் போய்விடலாம் என்று வரைபடத்தைப் பார்த்துத் தீர்மானிப்பவர், பல நேரங்களில் ஆற்றுநீரை விட்டுக் குளத்து நீருக்குள் போய்ச் சேர்கிறார். குளத்தங்கரைச் சாலை உயரமாக இருப்பதால் பாதுகாப்பானதாகத் தோன்றும். ஆனால் பெருமழையில் உடைவதும் அதே கரைதான். நீர் ஊறிய கரையின் மேல் இரண்டு டன் வண்டியை ஓட்டுவதும், திரும்பவே இடமில்லாத அந்தக் குறுகலில் எதிரே டிராக்டர் வந்து நிற்பதும் எண்ணிப் பார்க்க வேண்டியவை. ஒரு குளத்தின் மறுகால் அடுத்த குளத்துக்குப் போகும்படி குளங்கள் தொடராக இருப்பதால், மேலே ஒன்று உடைந்தால் கீழே உள்ளவையும் தாங்காமல் போகக்கூடும். ஆகவே மாற்றுவழியைத் தேர்ந்தெடுக்கும் முன், அந்த வழியில் எந்தெந்தக் குளத்தின் மறுகால் எந்த இடத்தில் சாலையைக் கடக்கிறது என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். அதைச் சொல்லக்கூடியவர் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சும் பெரியவர். செல்போன் வரைபடத்தில் அந்தச் செய்தி கிடையாது.

ஆண்டின் பெரும்பகுதி வறண்டு கிடக்கும் கருமேனியாற்றையும் நம்பியாற்றையும் ஆறுகளாகவே கணக்கில் சேர்க்காமல் விடுவது இன்னொரு பிழை. வறண்ட ஆற்றின் குறுக்கே தாழ்வான பாலம் போட்டால் போதும் என்று விட்டிருக்கும் இடங்களில்தான் வழி முதலில் அறுபடும். ரயில்வே கேட்டுகளை மூடிவிட்டுக் கட்டிய சுரங்கப்பாதைகளும் அப்படியே. சாதாரண மழைக்கே தேங்கும் அவை பெருமழையில் குளமாகிவிடும். அடைய வேண்டிய இடத்தைப் பொறுத்தவரை எளிய விதி ஒன்று உண்டு: கூடியவரை ஆற்றைக் கடக்காமல், தான் இருக்கும் கரையிலேயே மேட்டைத் தேட வேண்டும். திருநெல்வேலி டவுனில் இருப்பவர் ஆற்றின் மறுகரையில் பாளையங்கோட்டையில் உள்ள அத்தை வீட்டை நம்பினால், 1843-இல் திறக்கப்பட்ட சுலோசன முதலியார் பாலத்தையோ வேறொரு பாலத்தையோ கடந்தாக வேண்டும். 2023-இல் அந்தப் பாலத்தின் பாளையங்கோட்டைப் பக்கத்தில் உள்ள கொக்கிரகுளத்தில் மாவட்ட ஆட்சியர் அலுவலக வளாகத்தையே வெள்ளம் சூழ்ந்திருந்தது.

மலை உயரமானது, எனவே மலைக்குப் போய்விடலாம் என்ற யோசனையை முற்றாகக் கைவிடலாம். மணிமுத்தாறிலிருந்து மாஞ்சோலைக்கு ஏறும் பாதை களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் போகிறது. சோதனைச்சாவடியில் அனுமதி இல்லாமல் விடமாட்டார்கள். வடகிழக்குப் பருவமழையில் மரம் விழுவதும் மண் சரிவதும் அங்கே இயல்பு. மாஞ்சோலைக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்ட ஊர்களான நாலுமுக்கும் ஊத்தும் மழைக்குப் பெயர்போனவை. எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த வழியே கேரளத்துக்கு இறங்கும் பொதுச் சாலை இல்லை.

மண்ணுக்கு ஏற்றபடி ஓட்டப் பழகாததும் பலரை மாட்டிவைக்கிறது. சங்கரன்கோவில், கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் மண் நனைந்தால் டயர்ப் பற்களை அடைத்து, சக்கரத்தை வழவழப்பான உருளையாக்கிவிடும். அங்கே நான்கு சக்கரங்களும் ஒருசேரச் சுழன்று வண்டி இன்னும் ஆழமாகப் புதையும். கரிசல் பாதையில் மழை தொடங்கிய பின் இறங்காமல் இருப்பதே சரி. சாத்தான்குளம், உடன்குடிப் பக்கத்துத் தேரி எனும் செம்மணல் மேடுகளில் நிலைமை நேர்மாறு. டயரில் காற்றை 18 பிஎஸ்ஐ அளவுக்குக் குறைத்தால் வண்டி மிதந்து செல்வதுபோல் போய்விடும், ஆனால் தார்ச்சாலைக்கு வந்ததும் மீண்டும் காற்றடிக்க பேட்டரியில் ஓடும் சிறு பம்பு கையில் இருக்க வேண்டும். வயற்காட்டு வழிகளில் சேற்றைவிடக் கிணறுகளே பெரிய ஆபத்து. கைப்பிடிச் சுவர் இல்லாத பம்புசெட் கிணறுகள் சாலையோரத்தில் இருக்கின்றன. தண்ணீர் பரவியபின் கிணறு எது, வயல் எது என்று கண்ணுக்குத் தெரியாது. இரவில் அந்த வழிகளை எண்ணவே வேண்டாம்.

சாமான்களில் செய்யும் பிழைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கூரை மேல் பீரோவும் மூட்டையும் ஏற்றினால் வண்டி சாயும். ஜாக்கிக்கு அடியில் வைக்கத் தடித்த பலகை இல்லாவிட்டால் சேற்றில் ஜாக்கிதான் இறங்கும். இழுக்கும் கயிற்றைப் பம்பரில் கட்டக் கூடாது, வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸில் உள்ள கொக்கியில்தான் மாட்ட வேண்டும். இழுக்கும் நேரத்தில் பிள்ளைகளை அருகில் நிற்கவிடக் கூடாது, அறுந்த கயிறு ஆளையே கொல்லும். மின்சாரம் போனால் பெட்ரோல் பங்க் ஓடாமல் போகலாம் என்பதால், ஐப்பசி முதல் மார்கழி வரை டேங்க் பாதிக்குக் கீழே இறங்க வேண்டாம். 2023-இல் பல ஊர்களில் மின்சாரமும் செல்போன் தொடர்பும் சேர்ந்தே அறுந்தன. ஆகவே வழியையும் உறவினர் எண்களையும், மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077, அவசர உதவிக்கான 112 ஆகிய எண்களையும் தாளில் எழுதி வண்டியில் வைக்க வேண்டும். புகைக்குழாய் சேற்றில் அடைபட்ட நிலையில் ஏசிக்காக இன்ஜினை ஓடவிட்டு உள்ளே உறங்குவது உயிரைப் பறிக்கும்.

இவை அத்தனையையும் சரியாகச் செய்துவிட்டுப் புறப்படும் நேரத்தில் தவறுபவர்கள் உண்டு. பாபநாசம், மணிமுத்தாறு அணைகளின் நீர்மட்டத்தை மட்டும் பார்த்துக்கொண்டு, ‘அணை இன்னும் நிரம்பவில்லையே’ என்று காத்திருப்பது போதாது. 2023-இல் சமவெளியிலேயே மழை கொட்டியதால், குளங்களும் ஓடைகளும் அணையை எதிர்பார்க்காமல் பெருகின. சிவப்பு எச்சரிக்கை வந்த பகலிலேயே, சாலை காய்ந்திருக்கும்போதே புறப்பட்டால் சாதாரண காரும் போதும். ஃபோர் வீல் வண்டி அந்தப் பயணத்தின் கடைசிச் சேற்றுப் பாதைக்குக் கூடுதல் துணை, அவ்வளவுதான்.

ஒரே வண்டியில் இரண்டு நடையாக எல்லாரையும் கொண்டுசேர்த்துவிடலாம் என்று கணக்குப் போடுவதையும் கைவிட வேண்டும். முதல் நடையில் கணுக்கால் அளவு இருந்த தரைப்பாலம், திரும்பி வரும்போது அப்படியே இருக்கும் என்று சொல்ல முடியாது. ஓட்டுநர் ஒரு பக்கத்திலும் குடும்பத்தில் பாதி மறுபக்கத்திலும் பிரிந்துபோவது இப்படித்தான். நடக்க இயலாத ஆச்சி, தாத்தா, கர்ப்பிணிகள், டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள் ஆகியோர் முதல் நடையில் போவதென்றும், மற்றவர்கள் வண்டிக்குக் காத்திராமல் அதே நேரத்தில் ஊருக்குள்ளேயே மாடியுள்ள பள்ளிக்கூடத்துக்கோ கல்யாண மண்டபத்துக்கோ நடந்துவிடுவதென்றும் மழைக்கு முன்பே வீட்டில் பேசி முடிவு செய்து, அந்தக் கட்டடத்தின் சாவி யாரிடம் இருக்கிறது என்பதையும் கேட்டுவைக்க வேண்டும்.