வாங்கிய கேமை வேறு ஸ்டோருக்கு மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இணையத்தில் கேம் விற்கும் ஒரு ஸ்டோரில் காசு கொடுத்து வாங்கிய கேமை, மறுபடியும் காசு கொடுக்காமல் இன்னொரு ஸ்டோரிலும் பெறுவது எப்படி என்று கேட்டுக்கொண்டு யாராவது வந்தபடியே இருக்கிறார்கள். கேட்பது நல்லதுதான். ஆனால் பாதி வேலையைத் தாங்களே செய்து, எங்கேயோ சிக்கிய பிறகுதான் பெரும்பாலோர் வருகிறார்கள். நாங்கள் ஒரு காலத்தில் விழுந்த அதே பள்ளங்களில் புதியவர்களும் வரிசையாக விழுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. பாஸ்வேர்டு மறந்துபோவது, டவுன்லோடு பாதியில் நிற்பது போன்றவற்றை இங்கே தொடப்போவதில்லை. அவை ஒரு மணி நேரத்தில் சரியாகிவிடும். பணத்தையோ பல மாத ஆட்டத்தையோ விழுங்கிவிடும் தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

எல்லாக் கேமும் மாறும் என்று நம்புவது

நாம் வாங்குவது ஓர் உரிமம். அது ஒரு கணக்கோடு கட்டப்பட்டது. கணினி கேம்களை விற்கும் பெரிய ஸ்டோரான ஸ்டீம் 2024 அக்டோபரிலிருந்து பணம் செலுத்தும் பக்கத்திலேயே இதை எழுதிக் காட்டுகிறது. ஒரு ஸ்டோரிலிருந்து இன்னொன்றுக்குக் கேம் ‘மாறுகிறது’ என்றால், உண்மையில் நடப்பது வேறு: முதல் உரிமத்தைச் சான்றாக வைத்து, இரண்டாவது ஸ்டோர் தன் பங்குக்குப் புதிதாக ஓர் உரிமம் தருகிறது. கேமை வெளியிட்ட நிறுவனமான பதிப்பாளர் ஒப்புக்கொண்டால்தான் அதைத் தர முடியும்.

பதிப்பாளரும் ஸ்டோரும் எளிதில் ஒப்புக்கொள்ள மாட்டார்கள் என்பதற்குக் காரணம் இருக்கிறது. விற்பனையில் ஸ்டீமின் வழக்கமான பங்கு 30 சதவீதம், இன்னொரு ஸ்டோரான எபிக்கின் வழக்கமான பங்கு 12 சதவீதம். நீங்கள் முதலில் வாங்கியபோதே அந்தப் பங்கு முதல் ஸ்டோருக்குப் போய்விட்டது. இரண்டாவது ஸ்டோருக்கு ஒரு காசும் வராது. ஆனால் டவுன்லோடு செலவு, வாடிக்கையாளர் சேவை எல்லாம் அதன் தலையில். எனவே இப்படிப்பட்ட கதவுகள் குறைவு. திறந்தாலும் ஏதாவது ஒரு காரணத்துக்காகத்தான் திறக்கும்.

நிஜமாகவே திறந்த சில கதவுகளைப் பாருங்கள். ஜிஓஜி என்ற ஸ்டோர் 2016-இல் ‘ஜிஓஜி கனெக்ட்’ என்ற திட்டத்தைத் தொடங்கியது. ஸ்டீமில் வைத்திருக்கும் சில கேம்களை ஜிஓஜியிலும் இலவசமாகச் சேர்த்துக்கொள்ளலாம். ஒவ்வொரு தொகுப்புக்கும் குறுகிய கெடு, ஸ்டீம் புரொஃபைலைப் பொதுவில் திறந்து வைத்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை. புதிய வாடிக்கையாளர்களை ஈர்ப்பதே நோக்கம். 2023-இல் அதையும் நிறுத்திவிட்டார்கள். டெஸ்டினி 2 என்ற கேம் பேட்டில்.நெட் என்ற தளத்தை விட்டு 2019 அக்டோபர் 1 அன்று ஸ்டீமுக்குப் போனபோது, கணக்கை இணைத்தவர்களுக்கு உரிமமும் முன்னேற்றமும் சேர்ந்தே வந்தன. பெதஸ்டா நிறுவனம், கேம்களை வாங்கவும் தொடங்கவும் உதவிய தன் மென்பொருளான லாஞ்சரை 2022 மே மாதம் மூடியபோது, அங்கே வாங்கிய கேம்களை ஸ்டீமுக்கு மாற்றிக்கொள்ள வழிசெய்தது. கூகுளின் இணையவழி கேம் சேவையான ஸ்டேடியா 2023 ஜனவரியில் மூடப்பட்ட சமயத்தில், அங்கே தன் கேம்களை வாங்கியவர்களுக்கு யுபிசாஃப்ட் நிறுவனம் கணினிப் பதிப்புகளைக் கொடுத்தது. இன்றும் நிரந்தரமாக இருக்கும் ஏற்பாடு என்றால் எக்ஸ்பாக்ஸ் ப்ளே எனிவேர்: அந்த முத்திரை உள்ள கேமை டிஜிட்டலாக வாங்கினால் எக்ஸ்பாக்ஸிலும் விண்டோஸ் கணினியிலும் விளையாடலாம். டிஸ்க்காக வாங்கினால் இது செல்லாது. பலர் வாங்கிய பிறகுதான் இதைக் கவனிக்கிறார்கள்.

ஆகவே முதல் கேள்வி ‘எப்படி மாற்றுவது’ என்பதல்ல. இந்தக் கேமுக்கு, இந்த இரண்டு ஸ்டோர்களுக்கு இடையே, இப்போது வழி இருக்கிறதா என்பதுதான். பதிப்பாளரின் உதவிப் பக்கத்தில் பதில் இல்லையென்றால் வழி இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

யார் லாகின் ஆகியிருக்கிறார் என்று பார்க்காமல் கணக்கை இணைப்பது

இந்த ஒரு தவறைப் பற்றிப் பேசும்போதெல்லாம் எனக்கு ஆத்திரம் வருகிறது. அரை நிமிடம் பொறுத்தால் தவிர்க்கலாம். தவிர்க்காவிட்டால் கேமே கைவிட்டுப் போகலாம்.

மாற்றத்தின் முதல் படி இரண்டு கணக்குகளை இணைப்பது. ‘கணக்கை இணை’ என்ற பொத்தானை அழுத்தியதும் பிரௌசரில் புதிய பக்கம் திறக்கும். அது பெயரையும் பாஸ்வேர்டையும் கேட்கும் என்று நினைப்பீர்கள். பல நேரம் கேட்காது. அந்த பிரௌசரில் ஏற்கெனவே யாரோ லாகின் ஆகியிருப்பார்கள். ஓரத்தில் சின்னதாக ஒரு அவதார் படம், அதன் அருகே பொடி எழுத்தில் ஒரு பெயர், நடுவில் பெரிதாக ‘அனுமதி’ பொத்தான். கண் நேராகப் பொத்தானுக்குத்தான் போகும். அழுத்திவிடுவோம்.

எனக்குத் தெரிந்த ஒரு கல்லூரி மாணவனுக்கு இப்படித்தான் நடந்தது. வீட்டில் அண்ணனும் தம்பியும் ஒரே கணினியைப் பயன்படுத்தினார்கள். தம்பி தன் சேமிப்பிலிருந்து ஒரு ஸ்டோரில் ஒரே பதிப்பாளரின் மூன்று கேம்களை வாங்கினான். கேமைத் தொடங்கியதும் பதிப்பாளரின் லாஞ்சர் திறந்து, கணக்கை இணைக்கச் சொன்னது. அங்கே லாகின் ஆகியிருந்தது அண்ணன். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது பள்ளி கொடுத்த மின்னஞ்சலை வைத்து எப்போதோ திறந்த கணக்கு அது. தம்பி அனுமதி கொடுத்தான். மூன்று கேம்களும் அண்ணன் கணக்கில் பதிவாகின. ஒரு குறையும் இல்லாமல் ஓடியதால் யாருக்கும் எதுவும் தெரியவில்லை.

பிறகு தம்பி புதிய கணினி வாங்கினான். லாஞ்சர் அதை அடையாளம் காணாமல் சரிபார்ப்புக் குறியீடு ஒன்றை அனுப்பியது. குறியீடு போன இடம் அந்தப் பழைய பள்ளி மின்னஞ்சல். அண்ணன் படிப்பை முடித்ததுமே பள்ளி அதை மூடிவிட்டிருந்தது.

அவன் அடுத்து செய்ததைத்தான் எல்லோரும் செய்கிறார்கள். ஸ்டோர் பக்கத்துக்குப் போய் இணைப்பைத் துண்டித்தான். தன் பெயரில் புதிய கணக்கு திறந்து அதனோடு இணைத்தான். இணைப்பு சரியாக நடந்தது. கேம் மட்டும் திறக்கவில்லை. ‘இது வேறொரு கணக்கில் ஏற்கெனவே பதிவாகியுள்ளது’ என்ற செய்தி வந்தது. இந்த இடம்தான் புதியவர்களுக்குப் புரிவதில்லை. கணக்குகளை இணைப்பது ஒன்று. கேமை ஒரு கணக்கில் பதிவது வேறொன்று. இணைப்பைத் துண்டித்தாலும் பதிவு பழைய கணக்கிலேயே நிற்கும்.

வாடிக்கையாளர் சேவைக்கு எழுதினான். ரசீது கேட்டார்கள், அனுப்பினான். பழைய மின்னஞ்சலுக்கு உரிமை காட்டச் சொன்னார்கள், அதை எப்படிக் காட்டுவது? வாரக்கணக்கில் கடிதப் போக்குவரத்து நடந்தது. கடைசியில் ஒரு கேமை மட்டும் விதிவிலக்காகப் புதிய கணக்குக்கு மாற்றிக் கொடுத்தார்கள். மற்ற இரண்டையும் அவன் மறுபடியும் வாங்கினான்.

எனக்கு அந்தப் பையன் மேல் கோபமில்லை. திரும்பப் பெற முடியாத ஒரு காரியத்தை ஒருவர் செய்யப்போகிறார் என்று தெரிந்தும், கணக்கின் மின்னஞ்சலைப் பெரிதாகக் காட்டி ‘இது நீங்கள்தானா’ என்று ஒரு வரி கேட்காத பக்கங்கள் மேல்தான் கோபம். பணம் எடுக்கும் இயந்திரத்தில் அடுத்தவர் கார்டு செருகிக் கிடக்கும்போது நம் பணத்தைப் போடச் சொல்வதும் இதுவும் ஒன்றுதான். அவர்கள் திருந்தும்வரை நாம்தான் விழிப்பாக இருக்க வேண்டும்.

எனவே இப்படிச் செய்யுங்கள். பிரௌசரில் பழைய லாகின்கள் ஒட்டாத பிரைவேட் விண்டோ ஒன்றைத் திறந்து, அங்கே இரண்டு கணக்குகளிலும் நீங்களே பெயர், பாஸ்வேர்டு தட்டி லாகின் ஆகுங்கள். இரண்டிலும் செட்டிங்ஸ் பக்கத்துக்குப் போய் மின்னஞ்சலைப் பாருங்கள்; அந்த மின்னஞ்சலுக்கு இன்று உங்களால் போக முடிகிறதா என்று உறுதிசெய்யுங்கள். பதிப்பாளர் கணக்கில் ‘இணைக்கப்பட்ட கணக்குகள்’ என்ற பக்கம் இருக்கும்; அங்கே வேறு ஸ்டீம் கணக்கோ எக்ஸ்பாக்ஸ் கணக்கோ முன்பே ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலான இடங்களில் ஒன்றுக்கு ஒன்றுதான் அனுமதி. லாஞ்சருக்குள்ளும் யார் லாகின் ஆகியிருக்கிறார் என்று தனியாகப் பார்க்க வேண்டும், அது பிரௌசரைப் பார்த்து நடப்பதில்லை. இதற்கெல்லாம் பிறகு ‘அனுமதி’யை அழுத்துங்கள்.

இதே தவறுக்கு இன்னொரு முகமும் உண்டு. எக்ஸ்பாக்ஸ் போன்ற கன்சோலில் சில கேம்களைத் தொடங்கும்போது லாகின் பக்கத்தை ‘பிறகு’ என்று தள்ளிவிட்டால், பின்னணியில் மின்னஞ்சலே இல்லாத கணக்கு ஒன்று தானாக உருவாகிவிடும். நீங்கள் ஆறு மாதம் ஆடியது, வாங்கியது எல்லாம் அதில் சேரும். பிறகு உங்கள் உண்மையான கணக்கை இணைக்கப் போனால், இரண்டும் ஒன்றோடொன்று மோதும்.

ராக்கெட் லீக் 2020 செப்டம்பரில் இலவச கேமாகி எபிக்குக்குப் போனபோதும் பலர் இப்படித் தடுமாறினார்கள். கணினி, கன்சோல் எனப் பல தளங்களில் ஆடியவர்கள் அவற்றையெல்லாம் ஒரே எபிக் கணக்கில் இணைத்து, ஒன்றை முதன்மைத் தளமாகத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. போட்டித் தரவரிசை அந்த முதன்மைத் தளத்திலிருந்துதான் வந்தது. அவசரத்தில் எப்போதோ ஒருமுறை ஆடிய தளத்தைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு மனம் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

பட்டியலில் தெரிவதைக் கையில் இருப்பதாக நினைப்பது

ஜிஓஜி கேலக்ஸி போன்ற மென்பொருளில் ஸ்டீம், எபிக், எக்ஸ்பாக்ஸ் எல்லாவற்றையும் ஒரே பட்டியலாகப் பார்க்கலாம். வசதியான ஏற்பாடு. ஆனால் அது பட்டியல் மட்டுமே. ஸ்டீம் கேமை அழுத்தினால் ஸ்டீம்தான் திறக்கும். கேமின் கோப்புறையை ஒரு ஸ்டோரிலிருந்து இன்னொன்றுக்கு நகலெடுப்பதும் அப்படியே: டவுன்லோடு மிச்சமாகலாம், உரிமம் வராது.

கெடுவைத் தள்ளிப்போடுவது

அறிவிப்பு வந்த அன்றே செய்யுங்கள். மைன்கிராஃப்டில் அதை உருவாக்கிய மோஜாங் நிறுவனத்தின் பழைய கணக்குகளை மைக்ரோசாஃப்ட் கணக்குகளாக மாற்றிக்கொள்ளும்படி திரும்பத் திரும்பச் சொன்னார்கள். 2023-இல் கெடு முடிந்தது. மாற்றாமல் விட்டவர்கள், விளையாட வேண்டுமென்றால் மறுபடி வாங்க வேண்டும் என்ற நிலைக்கு வந்தார்கள். அறிவிப்பு மின்னஞ்சல்கள் பெரும்பாலும் விளம்பரக் குப்பையோடு சேர்ந்து கிடக்கும். அங்கேயும் அவ்வப்போது தேடுங்கள்.

சேவ் கோப்பு தானாக வரும் என்று இருப்பது

உரிமம் வந்துவிட்டால் விட்ட இடத்திலிருந்து ஆடலாம் என்று எண்ணி, பழைய ஸ்டோரிலிருந்து கேமை நீக்கிவிடுகிறார்கள். விட்ட இடத்தைப் பதிந்து வைக்கும் சேவ் கோப்பின் வழி தனி. சேவ் கோப்பை இணையத்தில் வைத்திருக்கும் ஒரு ஸ்டோரின் கிளவுடு இன்னொரு ஸ்டோருக்குத் தெரியாது.

சில கேம்களில் இது மிகச் சுலபம். விட்சர் 3 தன் சேவ் கோப்புகளை டாக்குமென்ட்ஸ் கோப்புறைக்குள் வைக்கிறது. ஸ்டீம் பதிப்பும் ஜிஓஜி பதிப்பும் அதே இடத்தைத்தான் பார்க்கின்றன. ஸ்டார்டூ வேலியும் அப்படியே, விண்டோஸின் ஆப்டேட்டா கோப்புறைக்குள் அதன் பெயரிலேயே ஒரு கோப்புறை இருக்கும். மைக்ரோசாஃப்ட் ஸ்டோரின் பதிப்புகள் பெரும்பாலும் வேறு ரகம். சேவ் கோப்புகள் ஆழத்தில் ‘டபிள்யூஜிஎஸ்’ என்ற கோப்புறைக்குள், நீண்ட எழுத்தும் எண்ணும் கலந்த பெயர்களில் கிடக்கும். அவற்றை அப்படியே எடுத்து ஸ்டீம் பதிப்பில் போட்டால் கேமுக்கு ஒன்றும் புரியாது.

நகல் எடுத்தபின் ஒரு கண்டம் காத்திருக்கிறது. புதிய ஸ்டோரில் கேமைத் தொடங்கும்போது, கணினியில் ஒரு சேவ், கிளவுடில் வேறொன்று, எதை வைத்துக்கொள்வது என்று கேட்கும். கிளவுடில் இருப்பது சற்று முன் உருவான வெறும் கோப்பாக இருக்கலாம். ‘கிளவுடு’ என்பதை அழுத்தினால் நீங்கள் பாடுபட்டு வைத்த சேவ் மேல் அது எழுதிவிடும். தேதியையும் நேரத்தையும் படித்துப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். அதற்கும் முன்னால், வேறொரு டிரைவில் ஒரு நகல் பத்திரமாக இருக்கட்டும். ஸ்டீமில் கேமை நீக்கிவிட்டீர்கள் என்றால், பிரௌசர் வழியாக உங்கள் கணக்கின் கிளவுடு பக்கத்துக்குப் போய்க் கோப்புகளைத் தனித்தனியாக இறக்கிக்கொள்ளலாம்.

டிஎல்சியை மறப்பது

கேம் வந்தால், அதற்கெனத் தனியாக வாங்கிய கூடுதல் பகுதியான டிஎல்சியும் வரும் என்று யாரும் உறுதி சொல்லவில்லை. தனித்தனியாகச் சரிபாருங்கள்.

‘மாற்றித் தருகிறோம்’ என்பவரிடம் பாஸ்வேர்டு கொடுப்பது

கொடுக்காதீர்கள்.

பழைய கணக்கை அழிப்பது

மாற்றம் முடிந்துவிட்டது, இனி இது எதற்கு என்று பழைய கணக்கை மூடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஸ்டீமில் வாங்கிய யுபிசாஃப்ட் கேம் அந்த நிறுவனத்தின் லாஞ்சரான யுபிசாஃப்ட் கனெக்ட் பட்டியலிலும் தெரியும். ஆனால் அதை ஓட்ட ஸ்டீம் வேண்டும். ஸ்டீம் கணக்கை மூடினால் கேமும் போய்விடும். முழுமையாக மாறிய கேம்களிலும், பின்னால் ஏதேனும் தகராறு வந்தால் ரசீது பழைய கணக்கில்தான் இருக்கும். ரசீதுகளை இறக்கி வைத்துக்கொண்டு, இரண்டடுக்குப் பாதுகாப்பைப் போட்டு, கணக்கை அப்படியே இருக்க விடுங்கள். அதன் மின்னஞ்சலை மாற்ற வேண்டியிருந்தால், பழைய மின்னஞ்சல் இயங்கிக்கொண்டிருக்கும்போதே மாற்றுங்கள். மாற்றத்தை உறுதிசெய்யும் குறியீடு வழக்கமாகப் பழைய முகவரிக்குத்தான் வரும்.