பாரைக்குஞ்சுக்கு இரண்டடித் தொட்டி போதுமா?

சித்திரை வருடப்பிறப்பு முடிந்த கிழமை, காத்தான்குடியிலிருந்து எனக்குத் தெரிந்த நானா ஒருவர் விடியக்காலையே கல்லடியில் என் வீட்டு வாசலில் நின்றார். கையில் பிளாஸ்டிக் வாளி. உள்ளே பெருவிரல் நீளத்தில் மூன்று மீன்கள், தங்க மஞ்சள் உடம்பில் கறுப்புப் பட்டிகளோடு. "தம்பி, கரைவலையில வந்தது. ரெண்டடித் தொட்டி சும்மாதான் கிடக்கு. விட்டாச் சரிதானே?"

மஞ்சள் பாரையின் குஞ்சுகள் அவை. அந்த வடிவுக்கு மயங்கி நானும் ஒருமுறை ஒன்றை வளர்த்திருக்கிறேன். என்னுடையது மூன்றடித் தொட்டி. முதல் இரண்டு கிழமை நல்லாகத்தான் இருந்தது. கையைக் கண்டால் ஓடி வரும், வாயைக் குழாய் மாதிரி நீட்டி இறாலை உறிஞ்சும். அப்புறம் இரவில் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்கத் தொடங்கியது. டோர்ச் அடித்துப் பார்த்தால், தொட்டியின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் பாய்ந்து, திரும்ப இடம் போதாமல் கண்ணாடியில் மோதுகிறது. மேலுதடு தோலுரிந்து வெள்ளையாகியிருந்தது. ஐந்தாவது கிழமை செத்துப்போனது. அந்த உதடு இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

மீனை வாங்கவோ பிடிக்கவோ முன்னர், முழு வளர்ச்சியில் அது எவ்வளவு நீளம் என்று விசாரியுங்கள். வாளியில் தெரியும் அளவு கணக்கில்லை. மஞ்சள் பாரை ஒரு மீற்றரைத் தாண்டி வளரும். கடைகளில் ஆசையாய்க் கேட்கும் எம்பரர் ஏஞ்சல் 40 சென்றிமீற்றர் வரும். அளவுநாடாவை எடுத்துச் சீமெந்துத் தரையில் உங்கள் தொட்டியின் நீள அகலத்தைச் சோக்கால் கீறுங்கள். வளர்ந்த மீனின் நீளத்துக்கு ஒரு கடதாசியை வெட்டி அதற்குள் வைத்துத் திருப்பிப் பாருங்கள். இரண்டடித் தொட்டியின் அகலம் ஓரடி, அதாவது 30 சென்றிமீற்றர். எம்பரர் ஏஞ்சலின் கடதாசி அதற்குள் திரும்பாது. இதற்குமேல் நான் விளக்க வேண்டியதில்லை.

அடுத்தது வால். கடைக்காரர் சொல்வதைவிட வால் சொல்வதை நான் நம்புவேன். வால் ஆழமாகக் கவைத்து, வாலடி ஒடுங்கி இருந்தால் அது நாள் முழுக்க நீந்துகிற மீன். பாரையைச் சந்தையில் வெட்டும்போது பாருங்கள், வாலடி இரண்டு விரலுக்குள் அடங்கும். வால் விசிறி மாதிரி வட்டமாக இருந்தால் பெரும்பாலும் கல்லோடும் பொந்தோடும் இருக்கிற மீன். ஆனால் வாலை மட்டும் நம்பிக் கலவாயை வாங்கிவிடாதீர்கள். அது அசையாமல்தான் இருக்கும், ஆனால் பெரிதாகும், வாய்க்குள் அடங்குகிற கூட்டாளி மீனையெல்லாம் விழுங்கும்.

பவுடர் புளூ டாங் நம் இந்து சமுத்திரத்து மீன். வாங்கும்போது உள்ளங்கையளவுதான் இருக்கும், ஆகவே சின்னத் தொட்டிக்குச் சரி என்று பலர் நினைக்கிறார்கள். முருகைக்கல்லில் பாசியை மேய்ந்துகொண்டு பகல் முழுக்க ஓடித்திரிகிற உயிர் அது. ஒடுக்கத்தில் வைத்தால் மிரண்டு மெலியும், வெள்ளைப் புள்ளி நோய் முதலில் அதைத்தான் பிடிக்கும். ஆறடித் தொட்டி இல்லாதவர்கள் அதைப் பாசிக்குடாக் கடலில் முகமூடி போட்டுத் தேடிப் பார்ப்பதே நல்லது.

"தொட்டிக்கு ஏற்ற மாதிரித்தான் மீன் வளரும்" என்று ஒரு கதை ஊரெல்லாம் உண்டு. தயவுசெய்து நம்பாதீர்கள். மீன் குறுகிப்போவது கழிவு நிறைந்த தண்ணீராலும் நெருக்கத்தாலும்தான்.

தண்ணீர்க் கணக்கையும் பாருங்கள். இரண்டடிக்கு ஓரடிக்கு ஓரடி என்றால் ஏறத்தாழ 56 லீற்றர். மணலும் கல்லும் போட்டால் 45 மிஞ்சலாம். பெரிய மீன் நிறையத் தின்னும், நிறையக் கழிக்கும். அந்தக் கழிவிலிருந்து வரும் அமோனியா என்ற நஞ்சைத் தாங்க இவ்வளவு தண்ணீர் காணாது. கரண்ட் போனால் இன்னும் மோசம். உப்புத் தண்ணீரில் ஒட்சிசன் நன்னீரைவிடக் குறைவாகத்தான் கரையும், நம் ஊர் வெக்கையில் இன்னும் குறையும். 2022இல் மணிக்கணக்காகக் கரண்ட் வெட்டியது யாருக்கும் மறந்திருக்காது. பற்றரியில் ஓடும் காற்றுப் பம்பு ஒன்றைக் கட்டாயம் வைத்திருங்கள்.

கடல் தண்ணீர் எடுப்பவர்கள் மாரியில் எடுக்க வேண்டாம். முகத்துவாரம் வெட்டினால் வாவித் தண்ணீர் கலங்கலாய்க் கடலுக்குள் இறங்கும், உப்பும் குறையும். உப்பளவு பார்க்கும் ஹைட்ரோமீட்டரில் 1.023க்கும் 1.025க்கும் இடையில் நின்றால் நல்லது.

சரி, ஏற்கெனவே பெரிய மீனை வாங்கிவிட்டீர்களா? கண்ணாடியோரமாக ஒரே பாதையில் போய் வருகிறதா, மூக்கு வெளுத்திருக்கிறதா என்று பாருங்கள். அப்படியிருந்தால் பெரிய தொட்டி உள்ளவரிடமோ வாங்கிய கடையிலோ கொடுத்துவிடுங்கள். கடலில் மட்டும் விடாதீர்கள். தொட்டியில் வேறு மீன்களோடு இருந்தது நோயைக் கொண்டுபோகும்.

நானாவின் குஞ்சுகள் எந்தத் தொட்டியையும் காணாதவை, பிடித்து ஒரு மணித்தியாலம்கூட ஆகவில்லை. அதனால் பம்பை வாளிக்குள் போட்டு, வலை இழுத்த அதே கரைக்கு இருவரும் போய் விட்டோம். மூன்றும் ஒன்றாகவே போயின.

திரும்பி வரும்போது, "மறுகா அந்தத் தொட்டிக்கு என்னதான் விடுறது?" என்று கேட்டார். தொட்டியில் பொரித்து வளர்த்த கோமாளி மீன் ஒரு சோடி என்றேன். கடலிலேயே தான் ஒளிந்து வாழும் கடல் தாமரையை (அனிமோன்) விட்டு அதிக தூரம் போகாத மீன், விரலளவுக்கு மேல் பெரிதாகாது. கூட ஒரு துறவி நண்டு. ஆனால் அமோனியாவும் அதிலிருந்து உண்டாகும் நைட்ரைட் என்ற நஞ்சும் பூச்சியத்துக்கு வரும்வரை, நாலு முதல் ஆறு கிழமை, தொட்டி மீனில்லாமல் ஓட வேண்டும்.

இப்போது மூன்றாவது கிழமை. நேற்றும் தண்ணீர் கொண்டுவந்தார். சோதித்துப் பார்த்தோம், நைட்ரைட் இன்னும் இறங்கவில்லை. "இருக்கட்டும் தம்பி, காத்திருப்பம்" என்றார்.