வன்மேற்கு நாவலில் வழக்கும் காதலும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொள்ளையர், காதல், நீதிமன்றம் ஆகிய மூன்றையும் ஒரே வன்மேற்கு நாவலுக்குள் கொண்டுவர முயல்பவர்கள் செய்யும் மிகப் பெரிய தவறு, அவற்றை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்குவதுதான். முதல் பாதியில் துரத்தலும் துப்பாக்கிச் சண்டையும், நடுவில் காதல், கடைசி சில அத்தியாயங்களில் வழக்கு என்று அமைந்துவிட்டால், வழக்கு வெறும் முடிவுரையாகச் சுருங்கிவிடுகிறது. 19ஆம் நூற்றாண்டின் அமெரிக்க மேற்கில் சட்டம் அப்படிக் கடைசியில் வந்து சேரவில்லை. எந்த நிலம் யாருடையது, யாரை யார் கைது செய்யலாம், யாருடைய சொல் சாட்சியமாக ஏற்கப்படும் என்பவையே கொள்ளையனின் ஓட்டத்தையும் காதலர்களின் முடிவுகளையும் தொடக்கத்திலிருந்து தீர்மானித்தன.

இடத்தையும் ஆண்டையும் தெளிவாக வகுத்துக்கொள்ளாமல், மேற்கில் எங்கோ ஒரு புழுதி படிந்த ஊர் என்று தொடங்குவதை முதலில் கைவிட வேண்டும். அரிசோனாவும் நியூ மெக்சிகோவும் 1912 வரை மாநிலங்களே அல்ல. அந்த ஆட்சிப்பகுதிகளுக்கு ஆளுநர்களையும் உயர்நிலை நீதிபதிகளையும் வாஷிங்டனிலிருந்து குடியரசுத் தலைவர் நியமித்தார். இந்த வேறுபாடு ஓர் உயிரைப் பறிக்கும் அளவுக்கு முக்கியமானது என்பதற்கு ஜாக் மெக்காலின் வழக்கே சான்று. 1876 ஆகஸ்ட் 2 அன்று டகோட்டா ஆட்சிப்பகுதியின் டெட்வுட் ஊரில் சீட்டாடிக்கொண்டிருந்த, துப்பாக்கித் திறனுக்குப் பெயர்பெற்ற வைல்ட் பில் ஹிக்காக்கை அவன் பின்னாலிருந்து சுட்டுக் கொன்றான். மறுநாளே சுரங்கத் தொழிலாளர்கள் கூட்டிய நீதிமன்றம் ஒரு நாடக அரங்கில் அமர்ந்து, தன் சகோதரனைக் கொன்றதற்குப் பழிவாங்கியதாக அவன் சொன்னதைக் கேட்டு, அவனை விடுவித்தது. ஆனால் டெட்வுட் நின்ற மண் 1868ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி லகோட்டா என்ற பூர்வகுடி மக்களுக்கு உரியது. ஆகவே அங்கே குடியேறியவர்கள் கூட்டிய நீதிமன்றத்துக்குச் சட்ட மதிப்பே கிடையாது என்று முடிவாகி, ஒரே குற்றத்துக்கு இருமுறை விசாரிக்கக் கூடாது என்ற பாதுகாப்பும் அவனுக்குக் கிடைக்காமல், ஆட்சிப்பகுதியின் தலைநகரான யாங்க்டனில் மீண்டும் விசாரிக்கப்பட்டு 1877 மார்ச் 1 அன்று அவன் தூக்கிலிடப்பட்டான். ஒரு நாவலுக்குப் போதுமான திருப்பம் அதிகார வரம்பு என்ற ஒரே கேள்விக்குள் அடங்கியிருக்கிறது.

ஷெரிஃபையும் மார்ஷலையும் ஒருவராகவே எண்ணி எழுதுவதும் இதே அலட்சியத்தின் விளைவுதான். காவல் தலைவரான ஷெரிஃபின் அதிகாரம் அவருடைய கவுன்டியின் (மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) எல்லையோடு நின்றுவிடும். ஊர்க் காவலைப் பார்க்கும் ஊர் மார்ஷல் வேறு, தேசிய அரசின் நீதிமன்றங்களுக்காகப் பணிபுரியும் கூட்டரசு மார்ஷல் வேறு. ஆர்க்கன்சாவின் ஃபோர்ட் ஸ்மித்தில் 1875 முதல் 1896 வரை நீதிபதியாக இருந்த ஐசக் பார்க்கரின் கூட்டரசு நீதிமன்றம், அடுத்திருந்த பூர்வகுடிப் பிரதேசத்தில் வெள்ளையர் தொடர்புடைய குற்றங்களையும் விசாரித்தது. செரோக்கி என்ற பூர்வகுடியின் குடிமக்களுக்கு இடையிலான வழக்குகளுக்கு அவர்களுடைய சொந்த நீதிமன்றங்கள் இருந்தன. பார்க்கர் 160 பேருக்கு மரண தண்டனை விதித்தார், அவர்களில் 79 பேர் தூக்கிலிடப்பட்டனர். 1889ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை அந்தத் தீர்ப்புகளை எதிர்த்து உச்ச நீதிமன்றத்துக்கு மேல்முறையீடு செய்ய வழியில்லை. அவருக்காகக் குற்றவாளிகளைப் பிடித்துவந்த துணை மார்ஷல்களுள், அடிமையாகப் பிறந்து பெரும் பெயர் பெற்ற கறுப்பினத்தவரான பாஸ் ரீவ்ஸும் ஒருவர். அவர்களுக்கு மாதச் சம்பளம் இல்லை. கைதுக்கும் பயணத் தொலைவுக்கும் ஏற்பக் கட்டணம்தான். கைதியை உயிரோடு கொண்டுவருவதில் அவர்களுக்கு இருந்த அக்கறைக்கு இதுவும் ஒரு காரணம். இதை அறிந்தவர் எழுதும் துரத்தல் காட்சி வேறு விதமாக இருக்கும்.

நீதிமன்றக் காட்சியில் நம்மவர்களுக்குத் தனியாக ஒரு சிக்கல் உண்டு. தமிழ்த் திரைப்படங்களில் பார்த்துப் பழகிய வழக்காடல், நீதிபதியை நோக்கி நீண்ட வசனம் பேசி அவர் மனத்தை மாற்றுவதாக அமைந்திருக்கும். அமெரிக்க மேற்கில் கொலை வழக்கைத் தீர்மானித்தவர்கள் ஜூரியில் அமர்ந்த பன்னிரண்டு பேர்; கைதியை முன்பே அறிந்தவர்களாகவோ, அவனால் இழப்புக்கு ஆளானவர்களாகவோ, அவனுக்கு அஞ்சுபவர்களாகவோகூட அவர்கள் இருக்கலாம். வழக்கை மேலே அனுப்பலாமா என்று மட்டும் பார்க்கும் முதற்கட்ட விசாரணையையும் முழு விசாரணையையும் குழப்பிக்கொள்வது அடுத்த பிழை. 1881 அக்டோபர் 26 அன்று அரிசோனாவின் டூம்ஸ்டோனில் காவல் தரப்பில் நின்ற ஏர்ப் சகோதரர்களும் அவர்கள் நண்பர் டாக் ஹாலிடேயும் பங்கேற்ற துப்பாக்கிச் சண்டை ஏறக்குறைய அரை நிமிடத்தில் மூன்று உயிர்களைக் குடித்து முடிந்தது. அதன்மீது கீழ்நிலை நீதிபதி வெல்ஸ் ஸ்பைசர் நடத்திய முதற்கட்ட விசாரணையோ ஏறத்தாழ ஒரு மாதம் நீடித்தது. இறந்தவர்கள் கையை உயர்த்தியிருந்தார்களா, முதலில் சுட்டவர் யார் என்று சாட்சிகள் ஒருவருக்கொருவர் முரண்பட்டார்கள். வயட் ஏர்ப் முன்கூட்டியே எழுதிவைத்த வாக்குமூலத்தை வாசித்தார். அரசுத் தரப்பு ஆட்சேபித்தும், குறுக்கு விசாரணை இல்லாமலேயே அதை வாசிக்க ஸ்பைசர் அனுமதித்தார். நவம்பர் 30 அன்று, வழக்கை மேல் விசாரணைக்கு அனுப்பப் போதிய காரணமில்லை என்று முடிவு சொன்னார். அரை நிமிடச் சண்டைக்கு முப்பது பக்கமும் அந்த ஒரு மாதத்துக்கு மூன்று பக்கமும் ஒதுக்குகிறவர், பொருளின் செழிப்பான பகுதியை வீணடிக்கிறார் என்பது என் உறுதியான கருத்து.

காதலைச் சண்டைகளுக்கு இடையே ஓய்வாக வைப்பதும் தவறு. திருமணமே அன்றைய சட்டத்தில் கனமான செயல். பழைய பொதுச்சட்ட மரபில் கணவனின் வழக்கில் மனைவி சாட்சி சொல்ல முடியாது. பல மாநிலங்கள் இதைப் படிப்படியாகத் தளர்த்தியபோதும், கூட்டரசு நீதிமன்றங்களில் கணவனுக்கு ஆதரவாக மனைவி சாட்சி கூறுவதற்கான தடை 1933 வரை நீடித்தது. கொலை நடந்த இரவில் அவன் தன்னோடு இருந்தான் என்று சொல்லக்கூடிய ஒரே பெண், அவனை மணந்துகொண்டால் ஃபோர்ட் ஸ்மித்தில் வாயடைக்கப்படுவாள். மணந்துகொள்ளாமல் அதைச் சொன்னால் ஊராரிடம் தன் பெயரை இழப்பாள். நிலத்திலும் இதே இக்கட்டு உண்டு. 1862ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டப்படி 21 வயது நிரம்பிய, திருமணமாகாத பெண்ணும் விதவையும் தம் பெயரிலேயே 160 ஏக்கர் கோரலாம். கணவனோடு வாழும் பெண்ணுக்குப் பொதுவாக அந்த உரிமை இல்லை. அவள் அவனுக்காகக் காத்திருப்பதற்கும் தயங்குவதற்கும் இவற்றைவிட வலுவான காரணங்களை நாமாகக் கற்பிக்கத் தேவையில்லை.

கொள்ளையனை ஏழைகளின் வள்ளலாக்கிவிடும் ஆசையையும் அடக்க வேண்டும். புகழ்பெற்ற கொள்ளையர்களான ஃபிராங்க் ஜேம்ஸும் அவர் தம்பி ஜெஸ்ஸியும் உள்நாட்டுப் போரில் அடிமைமுறையைக் காத்த தெற்குத் தரப்பின் கொரில்லாக் குழுக்களிலிருந்து வந்தவர்கள். 1883இல் மிசூரியின் காலட்டின் ஊரில் கொலை வழக்கிலிருந்து ஃபிராங்க் விடுவிக்கப்பட்டதை அந்தப் போரின் நினைவுகளிலிருந்து பிரித்துப் பார்க்க இயலாது.

குதிரை நாள் முழுவதும் நாலுகால் பாய்ச்சலில் ஓடாது என்பதையும், அடர்ந்த வெண்புகை கக்கும் அன்றைய வெடிமருந்தில் சில குண்டுகளுக்குப் பிறகு எதிரே நிற்பவரைக் காண்பதே கடினம் என்பதையும் மனத்தில் கொண்டால், ஆயுத விவரங்களில் அதற்குமேல் மூழ்க வேண்டியதில்லை.

தீர்ப்போடு நாவலை முடித்துவிடுவது கடைசித் தவறு. லிங்கன் கவுன்டி ஷெரிஃப் பிரேடியைக் கொன்ற வழக்கில், பில்லி தி கிட் என்ற இளம் கொள்ளையனுக்கு 1881 ஏப்ரல் 13 அன்று நியூ மெக்சிகோவின் மெசில்லாவில் மரண தண்டனை விதிக்கப்பட்டது. தூக்குக்குக் குறித்த நாள் மே 13. லிங்கன் ஊர் நீதிமன்றக் கட்டடத்தின் மாடியில் விலங்கிட்டு வைக்கப்பட்டிருந்த அவன், ஷெரிஃப் பாட் காரெட் வெளியூர் சென்றிருந்த ஏப்ரல் 28 அன்று, காவலர்கள் இருவரைக் கொன்று தப்பினான். கொலைக்குப் பிறகும் அவன் உடனே ஓடிவிடவில்லை. கால் விலங்கை உடைப்பதிலும் குதிரையைத் தயார் செய்வதிலும் நெடுநேரம் சென்றது. தெருவில் மக்கள் இருந்தும் யாரும் அவனைத் தடுக்கவில்லை. அவர்கள் ஏன் அசையவில்லை என்பதை நம்பும்படி எழுத வேண்டுமானால், அந்தக் கட்டடம் போட்டி வணிகத் தரப்புகளுக்கு இடையே 1878இல் மூண்ட லிங்கன் கவுன்டிப் போரின் ஒரு தரப்புக்குக் கடையாக இருந்தது, அந்தக் கடையில் ஊராருக்கு ஏறிய கடன், நியூ மெக்சிகோ ஆளுநர் வாலஸ் அவனுக்கு வாக்களித்தும் தராமல் விட்ட மன்னிப்பு ஆகியவற்றை முதல் அத்தியாயங்களிலேயே விதைத்திருக்க வேண்டும்.