ஆவணமில்லாத பிள்ளையும் பல்கலைக்கழக உதவிப்பணமும்: திருகோணமலைப் பெற்றோருக்கான வழிகாட்டி

இன்று உயர்தரப் பரீட்சையை முடித்துவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருக்கும் பிள்ளைகளில் பலர் 2006, 2007ஆம் ஆண்டுகளில் பிறந்தவர்கள். சம்பூர், ஈச்சிலம்பற்று, மூதூர் கிழக்கு ஆகிய பகுதிகளின் மக்கள் வாகரை வழியாக மட்டக்களப்புக்கு இடம்பெயர்ந்த காலம் அது. ஆகவே இந்த மாவட்டத்தில் பிறப்புச் சான்றிதழ் இல்லாத மாணவர் ஒருவரைச் சந்திப்பது அரிதான விடயமன்று. விண்ணப்பப் படிவங்களை நிரப்ப உதவி கேட்டு என்னிடம் வரும் பெற்றோரில் அநேகர் மஹாபொல புலமைப்பரிசில் எப்போது கிடைக்கும் என்றுதான் முதலில் கேட்பார்கள். நானோ பிள்ளையின் பிறப்புச் சான்றிதழைக் காட்டுங்கள் என்று கேட்பேன். அரச பல்கலைக்கழகங்களில் முதற்பட்டப் படிப்புக்குக் கட்டணம் இல்லாத இந்நாட்டில், பிள்ளையின் வழியை மறிப்பது பெரும்பாலும் காசு அன்று, கடதாசிதான்.

ஆவணமில்லை என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று வெவ்வேறு நிலைமைகள் அடங்கியிருக்கின்றன. பிறப்பு பதியப்பட்டிருந்து பிரதி மட்டும் தொலைந்திருந்தால் வேலை இலகுவானது: கணினிமயப்படுத்தப்பட்ட பதிவுகளின் பிரதியை எந்தப் பிரதேச செயலகத்திலும் விண்ணப்பித்துப் பெறலாம். ஆனால் பிறப்பானது பெற்றோரின் சொந்த ஊரில் அன்றி, பிள்ளை பிறந்த இடத்துக்குரிய பதிவாளரிடமே பதியப்படும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். வெருகலைச் சேர்ந்த குடும்பமொன்று தன் பிரதேச செயலகத்தில் தேடிப் பார்த்துவிட்டுப் பதிவே இல்லை என்று கைவிட்டிருந்தது. தாயார் பிரசவித்தது மட்டக்களப்பு வைத்தியசாலையில் என்பது பேச்சினிடையே தற்செயலாகத்தான் வெளிவந்தது. அங்கே தேடியபோது பதிவு இருந்தது. ஆகவே இடம்பெயர்ந்திருந்த காலத்தில் எந்த ஊரில், எந்த வைத்தியசாலையில் பிள்ளை பிறந்தது என்பதை வீட்டிலுள்ள முதியவர்களிடமும் கேட்டு எழுதிக்கொண்ட பின்னரே தேடுதலுக்கு விண்ணப்பியுங்கள்.

பிறப்பு ஒருபோதும் பதியப்படாத நிலைமைதான் அதிக உழைப்பைக் கேட்பது. 1951ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கப் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்தின்படி, காலங்கடந்த பிறப்பையும் உரிய சான்றுகளுடன் பதிவு செய்துகொள்ளலாம். அதற்காகப் பிள்ளையின் வாழ்க்கையில் எஞ்சியிருக்கும் ஒவ்வொரு எழுத்துத் தடயத்தையும் திரட்ட வேண்டும். முதலாம் ஆண்டில் சேர்ந்த பாடசாலையின் சேர்விடாப்பில் உள்ள பதிவு, குடும்ப நல உத்தியோகத்தர் நிரப்பிய கிளினிக் அட்டை, வைத்தியசாலையின் பிரசவப் பதிவு, தேவாலயத்தின் ஞானஸ்நானப் பதிவு, நலன்புரி முகாமில் வழங்கப்பட்ட குடும்ப அட்டை, பெற்றோரின் பிறப்பு மற்றும் திருமணச் சான்றிதழ்கள், பிறப்பை நேரில் அறிந்தவர்களின் சத்தியக்கடதாசி என்பன அவ்வாறான தடயங்களாகும். இவற்றுள் சேர்விடாப்பின் உறுதிப்படுத்திய பிரதியை நான் மிகவும் மதிக்கிறேன். பிள்ளைக்கு ஐந்து வயதாக இருந்தபோது எழுதப்பட்ட திகதியை இன்றைய தேவைக்காக மாற்றி எழுதியதாக எவரும் சந்தேகிக்க இடமில்லை. எந்தப் பதிவும் அகப்படாதவர்களுக்கு உத்தேச வயதுச் சான்றிதழ் வழங்கும் நடைமுறையும் உண்டு. இருப்பினும் பதிவு செய்ய வழியிருக்கும்வரை பதிவையே நாடுங்கள், பின்னாளில் கேள்விகள் குறையும்.

மூன்றாவது நிலைமை வெளிநாட்டில் நிகழ்ந்த பிறப்பு. தமிழ்நாட்டு அகதி முகாம்களில் பிறந்து திரும்பி வந்த பிள்ளைகளுக்கு இந்தியப் பிறப்புச் சான்றிதழ் கையில் இருந்தாலும் அது மட்டும் போதாது. தாய் அல்லது தந்தை இலங்கைப் பிரஜையாக இருப்பின், வம்சாவழிப் பிரஜாவுரிமைக்காக அப்பிறப்பை இலங்கை அதிகாரிகளிடம் பதிவு செய்ய வேண்டும். இன்னும் அங்கே இருப்பவர்கள் சென்னையிலுள்ள இலங்கைத் துணை உயர் ஸ்தானிகராலயத்திலும், திரும்பிவிட்டவர்கள் குடிவரவு, குடியகல்வுத் திணைக்களத்திலும் விண்ணப்பிக்கலாம். பெற்றோரின் இலங்கைப் பிறப்புச் சான்றிதழும் திருமணப் பதிவும் கேட்கப்படும் என்பதால், முகாமில் தாலி கட்டியதோடு நின்றுவிட்ட பெற்றோருக்கு இந்த வேலை இரட்டிப்பாகும். பிரஜாவுரிமைச் சான்றிதழ் கைக்கு வந்த பின்னரே அடையாள அட்டையைப் பற்றி யோசிக்க முடியும்.

தேசிய அடையாள அட்டைக்குப் 15 வயது பூர்த்தியானதும் விண்ணப்பிக்கலாம். பாடசாலை மாணவர் அதிபர் ஊடாகவும் ஏனையோர் கிராம உத்தியோகத்தர் ஊடாகவும் விண்ணப்பிப்பது வழமை. சாதாரண தரத்துக்கு முன்னரே இதை முடித்துவிடுவது நல்லது. பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, பரீட்சை விண்ணப்பம் ஆகிய மூன்றிலும் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். தந்தையின் பெயர் ஓரிடத்தில் முதலெழுத்தாகவும் மற்றோரிடத்தில் முழுமையாகவும் இருப்பது நம்மவர்களிடையே சாதாரணம், ஆனால் பணம் வைப்பிலிடப்படும் வங்கிக் கணக்கில் அதுவே சிக்கலாகிவிடும்.

இனி உதவிப்பணம். உயர்தரப் பெறுபேற்றின் பின்னர் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு அனுமதிக்கான விண்ணப்பங்களைக் கோரும். திருகோணமலை, கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களில் ஒன்றாகக் கணிக்கப்படுவதால், மாவட்ட ஒதுக்கீட்டுக்கு மேலதிகமாக அம்மாவட்டங்களுக்குரிய 5 சதவீத ஒதுக்கீட்டிலும் நமது பிள்ளைகளுக்கு இடமுண்டு. 1981ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட மஹாபொல புலமைப்பரிசில், திறமையையும் குடும்ப வருமானத்தையும் பார்த்து வழங்கப்படுவது. அது கிடைக்காதவர்கள் தாம் சேரும் பல்கலைக்கழகத்தின் ஊடாகப் பர்சரி எனப்படும் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம், ஆனால் இரண்டையும் ஒருசேரப் பெற முடியாது. 2025ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் மஹாபொல மாதாந்தம் 5,000 ரூபாவிலிருந்து 7,500 ரூபாவாகவும், பர்சரி 4,000 ரூபாவிலிருந்து 6,500 ரூபாவாகவும் உயர்த்தப்பட்டன. மஹாபொல தவறிவிட்டதென்று மனமுடைந்து பர்சரிப் படிவத்தை நிரப்பாமல் விடுகிற பிள்ளைகளுக்கு, இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம் மாதம் ஆயிரம் ரூபாதான் என்பதைச் சொல்லியாக வேண்டும்.

இரண்டுக்கும் கிராம உத்தியோகத்தர் உறுதிப்படுத்தி, பிரதேச செயலாளர் மேலொப்பமிட்ட வருமானச் சான்று இன்றியமையாதது. கடற்றொழில், கூலி வேலை, சேனைப்பயிர் என்று நிலையான சம்பளமில்லாத வருமானத்தை மிகைப்படுத்தியோ குறைத்தோ எழுதாமல், ஆண்டில் எத்தனை மாதம் தொழில் நடக்கிறது என்பதை விளக்கிக் கணக்கிடுங்கள். வாடைக்காற்றுக் காலத்தில் கரையில் கிடக்கும் தோணி வருமானம் தராது என்பது கிராம உத்தியோகத்தருக்குத் தெரியும், கொழும்பில் படிவத்தைப் படிப்பவருக்குத் தெரியாது. தந்தை காணாமற்போன குடும்பங்களிடம் சிலர் மரணச் சான்றிதழ் கேட்பதுண்டு. 2016ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ், காணாமற்போனமையை உறுதிப்படுத்தும் சான்றிதழைப் பெற்றுக்கொள்ள வழி இருக்கிறது. கணவர் இறந்துவிட்டார் என்று கையொப்பமிட மனம் வராத தாய்மாரை எவரும் அதற்கு வற்புறுத்தத் தேவையில்லை.

அரச பல்கலைக்கழகத்துக்கான வெட்டுப்புள்ளி கிடைக்காதவர்களுக்கு, அரசு சாரா உயர்கல்வி நிறுவனங்களில் அங்கீகரிக்கப்பட்ட பட்டப் படிப்புகளுக்காக 2017ஆம் ஆண்டு முதல் வட்டியில்லாக் கடன் திட்டம் நடைமுறையில் உள்ளது. வட்டி இல்லாவிட்டாலும் அது கடன்தான். திருகோணமலையிலேயே இயங்கும் உயர் தொழில்நுட்பவியல் நிறுவனத்தின் முழுநேர உயர் டிப்ளோமாக் கற்கைகளை முதலில் விசாரியுங்கள் என்பதே எனது ஆலோசனை.

விண்ணப்பம் எங்கேயாவது தேங்கிவிட்டால் கச்சேரிக்கும் (மாவட்டச் செயலகம்) தலைமை அலுவலகங்கள் உள்ள பத்தரமுல்லைக்கும் அலைந்து பஸ் காசைச் செலவழிக்காதீர்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், விண்ணப்பம் எந்த நிலையில் உள்ளது என்று தமிழிலேயே எழுதிக் கேட்கலாம். தகவலைத் தருவதா இல்லையா என்பதை 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் தீர்மானிக்க வேண்டும். நீதிமன்றம்வரை போக வேண்டிய சிக்கலாக இருந்தால், சட்டத்தரணிக்குப் பணம் கட்ட இயலாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவின் திருகோணமலை நிலையத்தை நாடலாம். போகும்போது மூலப் பிரதிகளை எவரிடமும் விட்டுவராமல், நிழற்பிரதிகளையே கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான அத்தாட்சியைத் திகதியும் முத்திரையும் இட்டுத் தரும்படி கேட்டு வாங்குங்கள்.