தெருவில் வண்டி, வாசலில் சண்டை: பார்க்கிங் தகராறில் நாம் செய்யும் தவறுகள்

"எங்க வீட்டு முன்னாடி ஏன் நிறுத்தினீங்க?" தெருவில் நடக்கும் பார்க்கிங் சண்டைகளில் பெரும்பாலானவை இந்தக் கேள்வியில்தான் ஆரம்பிக்கின்றன. கேட்பவருக்கு இது நியாயமாகவே படும். ஆனால் அவர் இரண்டு வேறு விஷயங்களை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார். கேட் வழியாக உள்ளே போய்வர வழி வேண்டும் என்பது உரிமை. மதிலை ஒட்டிய தெருவோரத்தில் தன் வண்டிதான் நிற்க வேண்டும் என்பது வெறும் பழக்கம். உரிமையை உறுதியாகக் கேட்டு வாங்கலாம். பழக்கத்துக்காகப் பக்கத்து வீட்டாரிடம் கேட்டுக்கொள்ளத்தான் முடியும். இந்த வித்தியாசத்தைப் பார்க்கத் தவறுவதே முதல் தவறு. மற்றவற்றில் பாதி இதிலிருந்துதான் கிளைக்கின்றன.

பத்து வருடமாக ஒரே இடத்தில் நிறுத்தி வந்தாலும் பொதுத்தெரு நமக்குச் சொந்தமாகிவிடாது. பிரிட்டனில் தன் வீட்டு வாசல் முன்னால் வண்டி நிறுத்த வீட்டுக்காரருக்குத் தனி உரிமை எதுவும் இல்லை. அங்கே குடியிருப்போருக்கான பெர்மிட்டைக் காசு கட்டி வாங்கினாலும், அந்தப் பகுதியில் இடம் இருந்தால் நிறுத்திக்கொள்ளலாம், அவ்வளவுதான். ஜப்பான் இன்னும் கண்டிப்பானது. 1962-இல் வந்த சட்டப்படி, கார் வைத்திருப்பவர் வீட்டிலிருந்து 2 கிலோமீட்டருக்குள் தெருவுக்கு வெளியே நிறுத்துமிடம் வைத்திருக்க வேண்டும். சாலையில் ஒரே இடத்தில் தொடர்ந்து 12 மணி நேரமோ, இரவில் 8 மணி நேரமோ வண்டியை விட்டுவைப்பதும் அங்கே குற்றம். தனியார் சாலையோ, பத்திரத்தில் எழுதிக் கொடுத்த இடமோ என்றால் கதை வேறு. அதனால் வாய்த்தகராறுக்குப் போகுமுன் தெரு பொதுவா தனியாரா என்று பத்திரத்தைப் பார்த்துவிடுவது நல்லது.

இடம் பிடித்து வைக்கக் கல், பூந்தொட்டி, உடைந்த சைக்கிள், பிளாஸ்டிக் நாற்காலி என்று எதையாவது தெருவில் போடுவது அடுத்த தவறு. பொதுவழியில் தடை வைப்பது பல ஊர்களில் அபராதத்துக்குரியது. அதைவிட எனக்குப் பெரிய கவலை இருட்டில் பைக்கில் வருபவர்கள்தான். தெருவிளக்கு எரியாத இரவில் ஒரு கருங்கல் போதும், எலும்பு முறிய. அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்தில் கடும் பனி பொழிந்தால், தாமே பனியை அள்ளி ஒதுக்கிய இடத்தில் அடையாளமாக ஒரு பொருளை வைத்துக்கொள்ள விட்டுவிடுகிறார்கள். உழைத்து உண்டாக்கிய அந்த இடத்துக்கும் பனி அவசரநிலை முடிந்து 48 மணி நேரம்தான் கெடு.

பல தெருக்களில் இடம் குறைவு என்பதைவிட இடம் வீணாகிறது என்பதே உண்மை. 16 மீட்டர் நீளமுள்ள ஓரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 4.3 மீட்டர் நீளமுள்ள கார்கள் மூன்று அதில் தாராளமாக நிற்கும். இடைவெளிக்கும் 3 மீட்டருக்கு மேல் மிஞ்சும். ஆனால் முதல் கார் அந்த 16 மீட்டரின் தொடக்கத்திலிருந்து 2 மீட்டர் தள்ளி நின்று, அடுத்தது இன்னும் 3 மீட்டர் தள்ளி நின்றால், பின்னால் மிஞ்சுவது 2.4 மீட்டர். மூன்றாவது வண்டிக்கு இடமில்லை. அந்த மூன்றாவது ஆள்தான் வேறு வழியில்லாமல் யாரோ ஒருவர் கேட்டை உரசிக்கொண்டு நிறுத்தித் திட்டு வாங்குகிறார். முன்னால் நிற்கும் வண்டியை ஒட்டி நிறுத்தக் கூடுதலாக அரை நிமிடம் ஆகலாம். அதைச் செய்யாமல் "தெருவில் இடமே இல்லை" என்று புலம்புவதில் நியாயமில்லை.

அகலத்திலும் இதே கதைதான், ஆனால் இங்கே ஆபத்து அதிகம். ஒரு காரின் அகலம் ஏறக்குறைய 1.8 மீட்டர். 6 மீட்டர் அகலமுள்ள தெருவில் எதிரும் புதிருமாக இரண்டு கார் நின்றால் நடுவில் மிஞ்சுவது 2.4 மீட்டர்தான். தீயணைப்பு வண்டியின் உடல் மட்டுமே ஏறக்குறைய 2.5 மீட்டர் அகலம் இருக்கும். அது போய்வர 3.7 மீட்டராவது விட வேண்டும் என்கிறது பிரிட்டனின் கட்டட வழிகாட்டி. இரண்டு காரும் தனித்தனியாகப் பார்த்தால் சரியாகவே நின்றிருக்கும். சேர்ந்து தெருவை அடைத்துவிடும். இந்த மாதிரித் தெருவில் எல்லா வண்டியும் ஒரே பக்கமாக நிற்பது என்று முடிவு செய்துகொள்வதைத் தவிர வேறு நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. முக்கில் திரும்பும் இடத்திலும் நிறுத்தக் கூடாது. சந்திப்பிலிருந்து 10 மீட்டருக்குள் நிறுத்தாதீர்கள் என்று பிரிட்டனின் சாலை விதிக்கையேடு சொல்வதற்குக் காரணம், திரும்பி வருபவரின் பார்வை மறையும் என்பதுதான். குழந்தைகள் ஓடித் தெருவைக் கடப்பதும் அங்கேதான்.

எதிர்வீட்டு கேட்டுக்கு நேர் எதிரே நிறுத்துவது இன்னொரு சிக்கல். "நான் என் பக்கம்தானே நிறுத்தியிருக்கேன்" என்பார்கள். சாதாரணக் கார் ஒன்று முழுவட்டம் திரும்ப 10, 11 மீட்டர் வேண்டும். குறுகிய தெருவில் எதிர்ப்பக்கம் அடைபட்டால், கேட் திறந்திருந்தும் வண்டியை வெளியே எடுக்க முடியாது. எல்லா ஊர்ச் சட்டமும் இதைத் தெளிவாகச் சொல்வதில்லை. ஆனால் எதிர்வீட்டுக்காரரை ஒருமுறை கூப்பிட்டு வண்டியை எடுத்துக் காட்டச் சொன்னால் விஷயம் நொடியில் புரிந்துவிடும். ஒரு மீட்டர் தள்ளி நிறுத்துவதிலேயே பிரச்சினை தீர்வதும் உண்டு.

இனி, கோபம் வந்தபின் செய்யும் தவறுகள். ஹாரன் அடிப்பது அதில் முதலாவது. 1997-இல் ரூபேக், ஜுயெங் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு வணிக வளாகத்தின் பார்க்கிங்கில் உட்கார்ந்து கவனித்தார்கள். ஒருவர் வண்டியை எடுக்கும்போது அந்த இடத்துக்காக வேறொரு வண்டி காத்திருந்தால், கிளம்புகிறவர் வழக்கத்தைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டார். காத்திருப்பவர் ஹாரன் அடித்தால் இன்னும் தாமதமாகக் கிளம்பினார். எப்படியும் விட்டுப் போகப்போகிற இடத்தைக்கூட மனிதர் நெருக்கினால் விடமாட்டார் என்றால், தன் வீட்டுப் பக்கத்து இடத்தை எப்படிக் காப்பார் என்று சொல்லவே வேண்டாம்.

அடுத்தவரின் உள்நோக்கத்தை நாமே முடிவு செய்துவிடுவது இன்னொன்று. நாம் அவசரத்தில் கோணலாக நிறுத்தினால் அவசரம் என்போம். அவர் நிறுத்தினால் திமிர் என்போம். உளவியலாளர் லீ ராஸ் 1977-இல் பெயர் சூட்டிய மனச்சாய்வு இது. சூழ்நிலையை விட்டுவிட்டு ஆளின் குணத்தைக் குற்றம் சொல்வது. அந்தக் கார் மூன்றாவது வீட்டுப் பாட்டிக்கு ஊசி போட வந்த நர்ஸுடையதாக இருக்கலாம். தூசி படிந்து வாரக்கணக்கில் நகராத வண்டியின் சொந்தக்காரர் ஆஸ்பத்திரியில் இருக்கலாம். விசாரித்தால் தெரிந்துவிடும்.

டயரில் காற்றைப் பிடுங்கிவிடுவது, கீறல் போடுவது, பதிலுக்கு அவர் வண்டியை மறித்து நம் வண்டியை நிறுத்துவது ஆகியவற்றை எந்த நிலையிலும் செய்யாதீர்கள். அதுவரை நியாயம் நம் பக்கம் இருந்திருந்தாலும், அந்த நிமிடத்திலிருந்து குற்றவாளி நாம்தான். காற்றுக் குறைந்த டயரோடு தெரியாமல் வேகமெடுப்பவருக்கு என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். மறித்து நிறுத்திய இரவில் அந்த வீட்டில் ஒருவருக்கு நெஞ்சுவலி வந்தால்? நம் சொந்த நிலத்தில் அத்துமீறி நிற்கும் வண்டிக்குக்கூட நாமே பூட்டுப் போட முடியாது என்பதுதான் 2012 அக்டோபர் 1 முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சட்டம்.

வண்டி எண் தெரியும்படி படமெடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடுவதும் இந்த வகைதான். தனியாகச் சொல்லியிருந்தால் "சாரி, கவனிக்கல" என்று எடுத்திருப்பவர், நாற்பது பேர் பார்க்க அவமானப்பட்டபின் இறங்கி வரமாட்டார். கண்ணாடியில் பெயர் போடாமல் செருகிய காட்டமான சீட்டும் அப்படியே. எழுதியது யாரென்று தெரியாததால் அவர் தெருவில் எல்லோரையும் சந்தேகப்படுவார். சீட்டு எழுதித்தான் ஆக வேண்டும் என்றால் பெயர், வீட்டு எண், போன் நம்பர் மூன்றையும் எழுதுங்கள்.

பேசப் போகும் நேரமும் முக்கியம். வண்டி மறித்து நிற்கும்போது, ஆபீஸுக்கு நேரமாகிக்கொண்டிருக்கும்போது பேசினால் அது சண்டையாகத்தான் முடியும். அப்போதைக்கு வண்டியை எடுக்க மட்டும் சொல்லுங்கள். மற்றதை விடுமுறை நாள் ஒன்றில், பகலில், அவர் வீட்டு வாசலில் நின்று சாவகாசமாகப் பேசலாம். கேட்பது குறிப்பாக இருக்கட்டும். "கொஞ்சம் பார்த்து நிறுத்துங்க" என்றால் யாருக்கும் எதுவும் புரியாது. "காலைல ஏழரைக்கு பிள்ளையை ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போகணும், ஏழு மணியிலிருந்து கேட் முன்னாடி மட்டும் காலியா இருந்தா போதும்" என்றால் ஒத்துக்கொள்வது எளிது. வீட்டில் விசேஷம், விருந்தாளி என்றால் முன்கூட்டியே சொல்லிவைப்பதும் போன் நம்பரை மாற்றிக்கொள்வதும் பாதிச் சச்சரவை வராமலே தடுத்துவிடும்.

புகாரைப் பொறுத்தவரை இரண்டு பக்கமும் தவறு நடக்கிறது. ஒரு வார்த்தை பேசாமலே போலீஸைக் கூப்பிடுபவர்கள் உண்டு. கூப்பிட வேண்டிய நேரத்தில் "பக்கத்து வீடாச்சே" என்று தயங்குபவர்களும் உண்டு. ஆம்புலன்ஸோ தீயணைப்பு வண்டியோ வர வழியில்லை, மிரட்டல் வருகிறது, வண்டியைச் சேதப்படுத்துகிறார்கள் என்றால் தயங்கவே வேண்டாம். பல நாளாக அனாதையாகக் கிடக்கும் வண்டிக்கும் சட்டத்தில் வழி இருக்கிறது. இந்திய மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 127-இன்படி பொது இடத்தில் 10 மணி நேரமோ அதற்கு மேலோ கேட்பாரற்று விடப்பட்ட வண்டியை அகற்ற, சீருடையில் உள்ள காவல் அதிகாரி உத்தரவிடலாம். மற்றபடி குடியிருப்போர் சங்கமோ இருவருக்கும் பொதுவான பெரியவரோ நடுவில் உட்கார்ந்து பேசுவதே முதலில் செய்ய வேண்டியது. எழுத்துப் புகாருக்கு நீண்ட நிழல் உண்டு. இங்கிலாந்தில் வீட்டை விற்பவர் நிரப்பும் படிவத்தில் பக்கத்து வீட்டாரோடு தகராறு உண்டா என்றே கேட்கிறார்கள்.

பேசி முடித்ததை இரண்டு வரியில் எழுதி, சம்பந்தப்பட்ட எல்லோருக்கும் அனுப்பிவிடுங்கள். வீட்டுக்குப் புதிதாகக் குடிவருபவருக்கு முதல் வாரத்திலேயே, அவர் கார் நிறுத்த இடம் தேட ஆரம்பிக்குமுன், அதைச் சொல்லிவிட வேண்டும். வாடகைக்கு விடும் வீட்டு உரிமையாளர்தான் இதைச் செய்ய வேண்டும். அவர்கள்தான் பெரும்பாலும் மறந்துபோகிறார்கள்.