நாள் தள்ளிப்போய்விட்டதா, மகள்?

கொழும்பில் கொட்டாஞ்சேனை, முகத்துவாரம் ஒழுங்கைகளில் வீடு வீடாக ஏறி இறங்கிய மிட்வைஃப் நான். இப்போது பென்சன். ஓ.எல். (சாதாரண தரப் பரீட்சை) எழுத இருந்த பிள்ளை ஒருத்தி ஒருநாள் கிளினிக்குக்கு வந்து, கொப்பித்தாளில் எட்டாக மடித்த ஒன்றை என் மேசையில் வைத்தாள். விரித்தேன். கர்ப்பம் பார்க்கும் டெஸ்ட் பட்டி. இரண்டு கோடு, பிள்ளை தங்கியிருக்கிறது. அப்போதே ஐந்தாம் மாதம். யூனிபோர்ம் பெல்ட்டை இறுக்கி இறுக்கிக் கட்டியதில் இடுப்பு கன்றிப்போயிருந்தது. "முதலே வந்திருக்கலாமே மகள்?" என்றேன். "யார்கிட்ட போறதுன்னு தெரியல மிஸ்." அந்தப் பதிலுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் நிச்சயப்படுத்துங்கள். பட்டி எந்தப் பாமசியிலும் கிடைக்கும். யாருக்கு என்று கேட்டால் அக்காவுக்கு என்று சொல்லுங்கள், பரவாயில்லை. காலையில் எழுந்ததும் போகும் சிறுநீரில் பாருங்கள். ஒரு கோடுதான் வந்து, ஒரு வாரம் கழிந்தும் நாள் வராவிட்டால் மறுபடி பாருங்கள். உறவு நடந்து 72 மணித்தியாலம் ஆகவில்லை என்றால் அவசர கருத்தடை மாத்திரைக்கு இன்னும் நேரம் இருக்கிறது. கரு தங்கிய பிறகு அது வேலை செய்யாது.

அடுத்து, பெரியவர் ஒருவரிடம் சொல்ல வேண்டும். அம்மாவாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. சித்தி, மாமி, நம்பிக்கையான டீச்சர் யாராகவும் இருக்கலாம். வாய் வராவிட்டால் "எனக்குப் பிள்ளை தங்கியிருக்கு, பயமா இருக்கு, என்னோட வாங்க" என்று ஒரு துண்டில் எழுதிக் கையில் கொடுங்கள். வீட்டில் அடி விழும் என்று பயந்தால் 1929க்கு அழையுங்கள், சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் இலக்கம். பெண்களுக்கு 1938. உயிரை விட்டுவிடலாம் என்று மனம் போனால் அந்த நிமிடமே 1926, மனநல உதவி இலக்கம்.

கிளினிக்கைத் தள்ளிப்போடாதீர்கள். மாநகர சபைத் தாய்–சேய் கிளினிக்கில் காசு இல்லை, கல்யாணப் பதிவும் தேவையில்லை. ஒழுங்கைச் சனம் பார்க்கும் என்று கூச்சமாக இருந்தால் பொரளையில் காசல் வீதி ஆஸ்பத்திரி, டி சொய்சா ஆஸ்பத்திரி இரண்டும் இருக்கின்றன. இந்த வயதில் இரத்தம் குறைவதும் பிரஷர் ஏறுவதும் அதிகம். நேரத்தோடு வந்தால் இரண்டையும் கவனிக்கலாம். ஓர் ஆஸ்பத்திரி வரிசையில், என் கண் முன்னாலேயே, ஒரு தாதி ஒரு பிள்ளையிடம் "தாலி எங்க?" என்று சத்தமாகக் கேட்டார். எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. அந்தக் கேள்விக்கு நீங்கள் பதில் சொல்லத் தேவையில்லை.

16 வயது ஆகவில்லை என்றால் ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். நீங்கள் சம்மதித்து உறவு வைத்திருந்தாலும் சட்டத்தில் அது பாலியல் வல்லுறவு. ஆஸ்பத்திரி பொலிசுக்கு அறிவிக்கும், சட்ட வைத்திய அதிகாரி பார்ப்பார். குற்றவாளி நீங்கள் இல்லை. வழக்குக்குப் பயந்து அவசரமாகக் கட்டிவைக்க ஓடும் பெற்றோரை நிறையக் கண்டிருக்கிறேன். பொதுச் சட்டப்படி 18க்கு முன் கல்யாணமே செல்லாது. வற்புறுத்தினால் 1929க்குச் சொல்லுங்கள்.

கலைப்பதைப் பற்றிக் கேட்பீர்கள். நம் நாட்டில் தாயின் உயிரைக் காப்பாற்றுவதற்கு மட்டும்தான் சட்டம் இடம் கொடுக்கிறது. 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையில் இதைப் பற்றிய பிரிவு இன்னும் அப்படியே இருக்கிறது. வல்லுறவால் தங்கிய கருவுக்குக்கூட விலக்கு இல்லை. எனக்கு அது நியாயமாகப் படவில்லை, ஆனால் நிலைமை இதுதான். களவாகச் செய்யும் இடங்களுக்குப் போய்க் கருப்பையில் கிருமி பிடித்து வந்தவர்களை நான் தூக்கி வண்டியில் ஏற்றியிருக்கிறேன். ஏற்கெனவே ஏதாவது செய்துவிட்டு, காய்ச்சலோ, நாற்றமோ, பேட் நனைந்து நனைந்து மாற்றும் அளவுக்கு இரத்தமோ இருந்தால், 1990க்கு அழைத்து உடனே போங்கள். அந்த அம்புலன்சுக்குக் காசு இல்லை. எதைக் குடித்தீர்கள், எதை வைத்தீர்கள் என்று டாக்டரிடம் உள்ளபடி சொல்லுங்கள்.

பெற்று வளர்ப்பதென்றால், கல்யாணம் ஆகாவிட்டாலும் 1999ஆம் ஆண்டுப் பராமரிப்புச் சட்டப்படி தகப்பனிடம் பிள்ளைக்குச் செலவு கேட்டு நீதவான் நீதிமன்றம் போகலாம். வளர்க்க முடியாதென்றால் தத்து கொடுக்கலாம். அதற்கு நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புத் திணைக்களமும் நீதிமன்றமும்தான் வழி. "நல்ல குடும்பம், கொஞ்சம் காசும் தருவாங்க" என்று வார்ட்டுக்கே வருகிறவரிடம் பிள்ளையைக் கொடுக்காதீர்கள். அது விற்பனை, குற்றம். முடிவை அம்மாவோ அந்தப் பையனோ சொல்லட்டும் என்று விட்டுவிடாமல், உங்கள் வாயாலும் சொல்லுங்கள்.

படிப்பு? ஸ்கூல் விட்டுப்போனாலும் ஓ.எல்.லைத் தனிப்பட்ட பரீட்சார்த்தியாக எழுதலாம். கொப்பித்தாளோடு வந்த அந்தப் பிள்ளை குழந்தையைத் தாயிடம் விட்டுவிட்டுப் போய் எழுதினாள்.

கிளினிக் நாளில் காலைச் சாப்பாட்டை விடாதீர்கள், வரிசை நீளும். கடைசியாக நாள் வந்த திகதியை எழுதிக்கொண்டு போங்கள், அதைத்தான் முதலில் கேட்பார்கள். சிங்களம் ஓடாவிட்டால் "தெமல கதா கரன கெனெக் இன்னவாத?" என்று கேளுங்கள். தமிழ் பேசும் ஒருவரைக் கூப்பிடுவார்கள்.